இழுக்கத் தெரிஞ்ச வண்டிக்கு நிக்கத் தெரியுமா?



போன தடவை இந்தச் சுவரில் மரம் வளர்ப்பது பற்றி எழுதினேன். இந்தத் தடவை டிராக்டர் பற்றி எழுதுகிறேன். பொம்பளப் புள்ளைக்கு டிராக்டரைப் பத்தி என்ன தெரியும்னு சில பசங்க சிரிப்பீங்க. சிரிச்சுட்டு முழுசாப் படிங்க.

எங்க பெரியப்பா மகன் அண்ணன் தன் டிராக்டரை 'ஏத்தி' வெச்சிருக்கு. அதாவது, டீசல் பம்பில் கம்பெனிக்காரங்க அளவு வெச்சுப் போட்ட சீலை உடைச்சு, டீசல் கூடுதலாப் போற மாதிரி திருகிவிட்டாங்க. இழுவை ஏறிடுச்சு, வேகமும் ஏறிடுச்சு. ஆனா அவ்வளவு டீசலும் எரிய காத்து பத்தாது. அதனாலதான் கறுப்புப் புகை கக்குது. அதைப் பார்த்து நம்ம வகுப்புப் பசங்க கை தட்டுறீங்க.

போன ஐப்பசியில் தாளடி நடவுக்கு அம்மாவோட 12 பேர் அந்த டிராக்டர் ட்ரெய்லரில் ஏறினாங்க. "மெதுவாப் போப்பா"ன்னு ஒரு ஆயா சொன்னதுக்கு, "நெல்லு மூட்டையா ஏத்தியிருக்கேன்? லைட் லோடுதானே"ன்னு அண்ணன் சொல்லுச்சாம். மழை பெஞ்ச ஆத்துக்கரை ரோட்டில், இறக்கத்தில் ஒரு ஆடு குறுக்க வந்துச்சு. பிரேக் போட்டதும் ட்ரெய்லர் பின்னாலிருந்து டிராக்டரைத் தள்ளி, வண்டி கோணிக்கிட்டுப் போய் வாய்க்கால் ஓரத்தில் நின்னுச்சு. ஒரு முழம் தள்ளியிருந்தா எல்லாரும் தண்ணிக்குள்ள. அம்மாவுக்கு கை பிசகினதோட போச்சு.

அந்த 'லைட் லோடு' எங்க அம்மா.

ஏன் அப்படி ஆச்சுன்னு அறிவியல் டீச்சரிடம் கேட்டேன். நம்ம டிராக்டர்களில் பெரும்பாலும் பின் சக்கரத்துக்கு மட்டும்தான் பிரேக். பல ட்ரெய்லர்களுக்குப் பிரேக்கே கிடையாது. ஆள் ஏறாட்டியும் ட்ரெய்லர் இரும்பே கனம்தான். நம்ம 'இயக்கம்' பாடத்துப்படி, அதே பிரேக்கில் வேகம் 2 மடங்கானால் நிற்கும் தூரம் 4 மடங்காகும். 20 கிலோமீட்டர் வேகத்தில் 5 மீட்டரில் நிற்கும் வண்டி, 40-ல் போனால் 20 மீட்டர் ஓடித்தான் நிற்கும். இன்ஜினை ஏத்துறோம், பிரேக்கை யார் ஏத்துறது?

அண்ணன் பக்கமும் நியாயம் இருக்கு. சேத்துல மாட்டினா இழுவை வேணும். மழைக்கு முன்னாடி நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் சேர்க்கணும். 40 கிலோ மூட்டை 100 ஏத்தினாலே 4 டன். ஆனா சேத்துக்கு சின்ன கியர் இருக்கே! அதில் வேகம் குறையும், இழுவை கூடும். வேகமா ஓட்டத்தான் சீலை உடைக்கணும்.

2022 அக்டோபர் 1-ஆம் தேதி உத்தரப் பிரதேசத்தில் கான்பூர் பக்கம், கோயிலுக்குப் போய்வந்தவர்களின் டிராக்டர் ட்ரெய்லர் குளத்தில் கவிழ்ந்து 25 பேருக்கு மேல் இறந்தார்கள். பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும்தான். 2023 அக்டோபரில் பஞ்சாபில் டிராக்டர் சாகசம் காட்டியவர் தன் டிராக்டரிலேயே சிக்கி இறந்தார். அந்த அரசு உடனே சாகசத்துக்குத் தடை போட்டது. அந்த மாதிரி வீடியோவைத்தான் நம்ம பசங்க செல்போனில் பார்க்குறீங்க.

மயிலிறகாகவே இருந்தாலும் அளவுக்கு மேல் ஏற்றினால் அச்சு முறியும் என்று திருவள்ளுவர் வலியறிதல் அதிகாரத்தில் அப்பவே சொல்லிட்டார். அவர் பார்த்தது வெறும் மாட்டு வண்டிதான்.

"இனிமே அதில் ஏறாதம்மா"ன்னு சொன்னேன். "ஏறலேன்னா நாளைக்கு நடவுக்குக் கூப்பிட மாட்டாங்கடி"ன்னு அம்மா சொல்லுது. இதுக்கு எனக்குப் பதில் சொல்லத் தெரியலை. அதனால் பெரியவங்ககிட்டயே கேக்கிறேன். நடவுக்குக் கூப்பிடுறவங்க ஷேர் ஆட்டோ வாடகையும் சேர்த்துக் கொடுங்க. பம்பைத் திருகுற காசில் ட்ரெய்லருக்குப் பிரேக் வைங்க. ரோட்டில் ஏறும்போது 2 பிரேக் பெடலையும் சேர்த்துக் கொக்கி போடுங்க. ட்ரெய்லர் பின்னாடி சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டுங்க.

நமக்கும் ஒன்று உண்டு. சைக்கிளில் வரும்போது ட்ரெய்லரைப் பிடிச்சுக்கிட்டு வராதீங்க. நானும் பிடிச்சு வந்தவள்தான். ஐப்பசிக்கு அப்புறம் விட்டுட்டேன்.

அண்ணன் இதைப் படிச்சா என்னைத் திட்டும். பரவாயில்லை. நம்ம பள்ளிக்கூடத்து வாசல் வழியாத்தான் தினமும் போகுது. ஒரு நாள் நிறுத்திப் படிக்கட்டும்.



— ஒன்பதாம் வகுப்பு மாணவி