பதினாறாம் நாள்

செத்தவங்களுக்குத்தான் பதினாறாம் நாள் என்று நினைத்திருந்தேன். பிழைத்தவர்களுக்கும் இருக்கிறது. ஆயுஷ்மான் பாரத் காப்பீட்டில், ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பியபின் 15 நாளுக்குத்தான் மருந்துச் செலவு. 5 லட்சம் என்று போஸ்டர் ஒட்டினார்கள். 2024 அக்டோபரில் எழுபது வயதானவர்கள் எல்லோருக்கும் என்றார்கள். படுக்கையில் கிடந்தால்தான் அந்தப் பணம். எழுந்து நடமாடி, தினம் ஒரு மாத்திரை விழுங்குகிற கிழவிக்குச் சல்லிக்காசு கிடையாது.

எங்கம்மா தூத்துக்குடி அளங்களில் நாற்பது வருசம் உப்பு வாரினவள். மாரடைப்பு வந்தது. முதலமைச்சர் காப்பீட்டு அட்டையில் ஸ்டென்ட் வைத்தார்கள். அந்த அட்டை இல்லையென்றால் அவள் இல்லை, அதை மறைக்கமாட்டேன். டாக்டர் சொன்னார்: 'உப்பைக் குறைங்க.' அம்மா சிரித்துவிட்டாள். அடுத்துக் கேட்டார்: 'மாட்டுக்கறி நிறையத் திம்பீங்களோ?' கொழுப்பு என்றதும் சாதி எப்படி ஞாபகம் வருது பாருங்கள். மாசம் ஒருதரம் கறி எடுக்க வழியில்லாதவளிடம் கேட்ட கேள்வி. ரத்தத்துக் கொழுப்பில் பெரும்பகுதியைக் கல்லீரலே உண்டாக்குகிறது என்பது அவர் படித்த பாடம்தானே?

கையில் கொடுத்த அடோர்வாஸ்டாடின் தீர்ந்தது. மருந்துக்கடைதான். முதலில் ஒருநாள் விட்டு ஒருநாள் போட்டாள். அப்புறம் நிறுத்தினாள். 'எய்யா, வலிக்காத நோவுக்கு எதுக்குத் துட்டு?' கொழுப்பு வலிக்காது. அடைக்கும்போதுதான் வலிக்கும். மறுபடி அடைத்தது. மாத்திரையை விட்டதால்தான் என்று சத்தியம் பண்ண என்னால் முடியாது. ஆனால் இரண்டாவது ஸ்டென்டுக்கும் காப்பீடு பணம் கட்டியது. மாத்திரைக்குக் கட்டவில்லை. யார் கல்லாவுக்குப் போகிற பணம் இது?

துறைமுகத்தில் நிரந்தர வேலை பார்த்து ஓய்வு பெற்றவருக்குத் துறைமுக மருத்துவமனை இருக்கிறது. அங்கே கப்பலேறின உப்பை வாரினவளுக்கு என்ன இருக்கிறது?

2021 ஆகஸ்டில் தொடங்கின மக்களைத் தேடி மருத்துவம், பிரஷருக்கும் சுகருக்கும் மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவருகிறது. நல்ல திட்டம். 2023இல் வந்த இதயம் காப்போம் திட்டத்தில், நெஞ்சுவலியோடு ஆரம்ப சுகாதார நிலையம் போனால் அடோர்வாஸ்டாடின் தருகிறார்கள். ஆக, மருந்து அரசிடம் இருக்கிறது. வலி வரும்வரை காத்திருக்கணுமா? பெரியாஸ்பத்திரியில் வரிசையில் நின்றால் கிடைக்குமே என்பார்கள். நிற்கிற நாளுக்குக் கூலி யார் தருவது? 2025இல் முதல்வர் மருந்தகம் திறந்தார்கள். மலிவுதான். ஆனால் கடை கடைதானே.

இதை மருத்துவப் பத்திரிகைக்கு எழுதலாமே என்றார் ஒரு தோழர். வெட்டுப்பட்டால்தான் வன்கொடுமை என்று நாமும் பழகிவிட்டோம்.

பிரஷர் மாத்திரை வருகிற அதே பையில் கொழுப்பு மாத்திரையையும் வையுங்கள். கேட்பது இவ்வளவுதான். அம்மாவுக்கு இப்போது நான் வாங்கி எண்ணிக் கொடுக்கிறேன். பக்கத்து வீட்டுச் சித்தியும் அளத்துக்காரிதான். அவளுக்குப் பிள்ளை கிடையாது.