கிரேனுக்குக் கண்திட்டம் போதாது

அரக்கோணம் அருகே கீழ்வீதி கிராமத்தில், 2023 ஜனவரி 22 இரவு, கோயில் திருவிழாவில் பக்தர்களைச் சுமந்த கிரேன் கவிழ்ந்து நான்கு பேர் உயிரிழந்தார்கள். ஆபரேட்டர் கைதானார். எந்த விபத்தையும் ஆபரேட்டரோடு முடித்துவிடுவது நம் வழக்கம். வண்டியின் எச்சரிக்கைக் கருவி வேலை செய்ததா என்பதைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

14 டன் ஹைட்ரா கிரேன் என்றால், சுமை வண்டியை ஒட்டி இருக்கும்போது மட்டுமே 14 டன். பூமை, அதாவது கிரேனின் கையை, நீட்ட நீட்டத் திறன் மளமளவென்று இறங்கும். காற்றின் வேகம் இரட்டித்தால், சுமையைத் தள்ளும் விசை நான்கு மடங்காகும். எத்தனை வருட அனுபவம் இருந்தாலும் இதையெல்லாம் கண்திட்டத்தில் பிடிக்க முடியாது. அதற்காகத்தான் கேபினில் லோடு காட்டும் கருவி, வண்டி மட்டமாக நிற்கிறதா என்று காட்டும் குமிழி, பெரிய கிரேன்களில் காற்றுமானி எல்லாம்.

“பின்சக்கரம் லேசா தூக்கும், அப்போ இறக்கிக்கலாம்” என்பார்கள் சில ஆபரேட்டர்கள். உயிரைக் குடிக்கும் நம்பிக்கை இது. பூமை நிமிர்த்தி, கிட்டத்தில் அதிக கனம் தூக்கும்போது, வண்டி சாய்வதற்கு முன்பே இரும்பு முறிந்துவிடலாம். சக்கரம் அசையவே அசையாது.

அளவு மீறினால் பஸ்ஸர் கத்தும். பல வண்டிகளில் பூம் மேற்கொண்டு நகராது. அவசரத்துக்கும் பழுது பார்க்கவும் வைத்த பைபாஸ் சாவியை நாள் முழுக்கத் திருப்பியே வைத்திருப்பவர்கள் உண்டு. பஸ்ஸர் ஒயரைப் பிடுங்கிவிடுபவர்களும் உண்டு. ஆபரேட்டரை மட்டும் ஏசுவது நியாயமில்லை. வாடகை மணிக்கணக்கில் ஓடுகிறது. அவர் தயங்கினால், “வேற வண்டி கூப்பிட்டுக்கறேன்” என்கிறார் காண்ட்ராக்டர்.

தூக்கும் இயந்திரங்களை 12 மாதத்துக்கு ஒருமுறையாவது தகுதியுள்ளவர் முழுமையாகச் சோதிக்க வேண்டும் என்று 1948-ம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டமே சொன்னது. தெருவில் வாடகைக்கு ஓடும் கிரேனுக்கும் அந்தக் கண்டிப்பு வேண்டும். எஃப்.சி. எனும் தகுதிச் சான்றுக்கு வரும் கிரேனில் பிரேக், விளக்கோடு லோடு கருவியையும் எடை தூக்க வைத்துப் பார்க்கட்டும். பஸ்ஸர் கத்தாத வண்டிக்குச் சான்று கூடாது. பைபாஸ் சாவி கேபினில் இல்லாமல், பொறுப்பான மேற்பார்வையாளரிடம் கையெழுத்தோடு இருக்கட்டும். கருவி தடுத்ததால் வேலையை நிறுத்திய ஆபரேட்டருக்கு அன்றைய கூலியை வெட்டக் கூடாது. சரக்குக் கிரேனில் ஆளைத் தொங்கவிடும் திருவிழாக்களுக்கு மாவட்ட நிர்வாகம் அனுமதி தரவே கூடாது.