பூட்டிய மதிலுக்குள்

விருத்தாசலத்து மக்களுக்குச் சேலம் அயலூரன்று. இரண்டையும் ரயில் பாதை இணைக்கிறது. அந்தச் சேலம் மத்தியச் சிறையில் 1950 பிப்ரவரி 11-ந் தேதி நடந்த துப்பாக்கிப் பிரயோகத்தில் 22 கம்யூனிஸ்டுக் கைதிகள் மாண்டனர். அவர்களில் மலபார்க்காரர்களே மிகுதி.

கைதிகள் கலகம் செய்தனர் என்றது சர்க்கார். அப்படியே இருக்கட்டும். சிறைக் கதவின் சாவி யார் கையில் இருந்தது?

1931-ல் ஹிஜ்லி முகாமில் வெள்ளையர் ஆட்சியின் போலீஸார் இரண்டு கைதிகளைச் சுட்டுக் கொன்றபோது, கவி தாகூர் கண்டனக் குரல் எழுப்பினார், வங்காளம் கொதித்தது. சேலத்தில் 22 பேர் வீழ்ந்தபோதோ, நம் அரசியல் சட்டம் அமுலுக்கு வந்து 16 நாட்களே ஆகியிருந்தன.

கைதியின் கொள்கை நமக்கு உவப்பா அன்றா என்பது வேறு விஷயம். பூட்டி வைத்தவனே அவன் உயிருக்கும் பொறுப்பாளி. அந்நியனிடம் கேட்ட நியாயத்தை நம்மவரிடமும் கேட்பதே தேசபக்தி என்போம்.