ஒரு பூட்டு, பல திறப்புகள்

தகவல் தந்தவரின் பெயரைக் காப்பது பத்திரிகையாளனின் தலையாய கடமை என்று மேடைகளில் முழங்குகிறோம். ஆனால் அந்தப் பெயர்கள் உறங்கும் கணினியின் திறப்பு யார் யாரிடம் இருக்கிறது என்று கேட்டால், பல ஆசிரிய பீடங்களில் பதில் கிடைக்காது. எல்லோருக்கும் ஒரே கடவுச்சொல். விலகிச் செல்பவருடன் அதுவும் வெளியே போய்விடுகிறது.

லினக்ஸ் கணினிகளில் வன்தட்டு முழுவதையும் மறைகுறியாக்கும் 'லக்ஸ்' முறைமை இதற்கு வழி வைத்திருக்கிறது. தரவுகளைப் பூட்டுவது நாம் தட்டச்சு செய்யும் கடவுச்சொல் அன்று. கணினி எழுமாறாக உருவாக்கிய ஒரு மூலத் திறப்பே அவற்றைப் பூட்டுகிறது. அதன் பிரதிகள், வெவ்வேறு கடவுச்சொற்களால் பூட்டப்பட்டு, வட்டின் தலைப்பகுதியில் 'கீ ஸ்லொட்' எனப்படும் அறைகளில் வைக்கப்படுகின்றன. முதற் பதிப்பில் 8 அறைகள். 2017இல் வெளிவந்த லக்ஸ் 2இல் 32 வரை. ஆகவே ஒவ்வொருவருக்கும் தனிக் கடவுச்சொல் வழங்கலாம். ஒருவர் விலகினால் அவருடைய அறையை மட்டும் அழித்தாற் போதும். மற்றவர்களுக்கு எதுவும் மாறாது.

வசதி இருக்கிறதென்பதற்காக 32 அறைகளையும் நிரப்புவது அறிவீனம். ஒவ்வொரு கடவுச்சொல்லும் இன்னொரு வாசல். அவற்றுள் மிகப் பலவீனமானதையே திருடன் தேடுவான். அன்றாடம் பயன்படுத்துவோருக்கு ஒவ்வொன்று. ஆசிரியர் திடீரென இறந்தாலும் ஆவணங்கள் அழியாதிருக்க, நீண்ட கடவுச்சொல் ஒன்று காகிதத்தில் எழுதி முத்திரையிடப்பட்டு, நம்பிக்கையானவரிடம். இவையே போதும் என்பது என் கருத்து.

இங்கே பலரும் கவனியாத ஓர் ஆபத்து உண்டு. தலைப்பகுதி சிதைந்தால் சரியான கடவுச்சொல்லும் உதவாது. எனவே அதற்குப் பிரதி எடுத்து வைக்கச் சொல்கிறார்கள். நல்ல ஆலோசனைதான். ஆனால் ஒருவரின் அறையை அழிப்பதற்கு முன்னர் எடுத்த பிரதியில் அந்த அறை அப்படியே இருக்கும். அப்பிரதியும் பழைய கடவுச்சொல்லும் ஒருவர் கையில் சேர்ந்தால் வட்டு திறந்துவிடும், ஏனெனில் மூலத் திறப்பு மாறவில்லை. அறைகளை மாற்றும்போதெல்லாம் புதிய பிரதி எடுத்துப் பழையதை அழிக்க வேண்டும். பழைய பிரதி பிறர் கைக்குப் போயிருக்கலாம் என்ற ஐயம் எழுந்தால், வட்டு முழுவதையும் புதிய மூலத் திறப்பால் மீண்டும் மறைகுறியாக்குவதைத் தவிர வேறு வழியில்லை.

பணியாளர் விலகும் நாளில் அடையாள அட்டையை மறக்காமல் திருப்பிப் பெறுகிறோம். கணினியில் அவருக்கிருந்த அறையையும் அன்றே அழித்துவிடுவோம். நம்மை நம்பிப் பேசியவரின் உயிர் அதில் தங்கியிருக்கலாம்.