விலை இறங்காத கார் யாருக்கு?

ஃபோர்ட் மஸ்டாங் பற்றிக் கதை தொடங்கினால் போதும், எங்கட வயசுக்காரர் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுவார்கள். ஒரு கட்சிக்கு அது கனவு: நீண்ட பொனட், கிரில்லில் ஓடுகிற குதிரை, வி8 எஞ்சினின் உறுமல், போனில் வோல்பேப்பர். மற்றக் கட்சிக்கு அது திமிர்: பெற்றோல் குடிக்கிற பணக்கார விளையாட்டுச் சாமான். நானோ கார்ப் பைத்தியம் பிடித்த பொம்பிளைப் பிள்ளை. அதனால் இரண்டு கட்சியும் என்னைச் சேர்க்காது. பரவாயில்லை, நானும் இரண்டோடும் சண்டைக்குத்தான் வந்திருக்கிறேன்.

மஸ்டாங்கைப் பார்த்து நாங்கள் பொறாமைப்பட வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. அதன் விலை. முதலில் போட்ட விலையும், பிறகு அது இறங்கின விதமும்.

1964 ஏப்ரல் 17, நியூயோர்க் உலகக் கண்காட்சி. ஃபோர்ட் கம்பனி அங்கே ஒரு இரண்டு கதவுக் காரைக் காட்டியது. ஆரம்ப விலை 2,368 டொலர். அந்தக் காலத்தில் ஒரு நடுத்தர அமெரிக்கக் குடும்பத்தின் வருட வருமானம் ஏறக்குறைய 6,600 டொலர். கணக்குப் போட்டுப் பாருங்கள், ஐந்து மாத வருமானம்கூட இல்லை. இவ்வளவு மலிவாக எப்படி முடிந்தது? ஃபோர்ட் வானத்திலிருந்து புதுசாக ஒன்றைக் கொண்டுவரவில்லை. ஃபால்கன் என்ற சாதாரணக் குடும்பக் காரின் அடிப்பாகத்தையும் எஞ்சினையும் எடுத்து, அதற்கு மேலே ஸ்டைலான உடம்பைப் போர்த்தியது. போருக்குப் பிறகு பிறந்த தலைமுறை லைசென்ஸ் எடுக்கிற வயசுக்கு வந்துகொண்டிருந்தது. லீ ஐயக்கோகா கூட்டத்தார் அந்தப் பிள்ளைகளின் பொக்கெட்டை அளந்து பார்த்துத்தான் காரைச் செய்தார்கள். முதல் நாளிலேயே 22,000 ஓர்டர். இரண்டு வருடம் முடியமுதல் பத்து இலட்சமாவது கார் வெளியே வந்துவிட்டது.

அதுக்குப் பிறகு இந்தக் குதிரை பட்ட பாடு ஒரு நாவல் அளவு இருக்கும். வருடா வருடம் உடம்பு பெருத்து, 1971இல் யானைக்குட்டி மாதிரி ஆனது. 1973இல் எண்ணெய் நெருக்கடி. 1974 மொடலாக வந்த மஸ்டாங் 2 சின்னக் கார். 2.3 லீற்றர் எஞ்சின், வெறும் 88 குதிரைச் சக்தி, அந்த வருடம் வி8 கிடையவே கிடையாது. இன்றைக்கும் இணையத்தில் கார் ரசிகர்கள் அதைக் கேலி பண்ணுகிறார்கள். ஆனால் அந்த முதல் வருடத்தில் மட்டும் 3,85,000க்கு மேல் விற்றது! பெற்றோலுக்கு வரிசையில் நின்ற சனத்துக்கு எது வேணும் என்று சனத்துக்குத் தெரிந்திருந்தது. 1979இல் ‘ஃபொக்ஸ்’ அடிப்பாகத்தில் இன்னொரு மஸ்டாங். எண்பதுகளில் அதையும் நிப்பாட்டிவிட்டு, மஸ்டாவோடு சேர்ந்து செய்கிற முன்சக்கர இயக்கக் காருக்கு மஸ்டாங் பெயரைக் கொடுக்க ஃபோர்ட் யோசித்தது. ரசிகர்கள் கடிதம் கடிதமாக எழுதித் தள்ளினார்கள். கடைசியில் அந்தக் கார் ‘புரோப்’ என்ற பெயரில் வந்தது, மஸ்டாங் மஸ்டாங்காகவே தப்பியது. 2005இல் அறுபதுகளின் முகம் திரும்ப வந்தது. 2015 மொடலில்தான் தொழிற்சாலையிலேயே ஸ்டியரிங்கை வலப்பக்கம் வைத்தார்கள். அதாவது எங்கட ரோட்டுக்குப் பொருந்துகிற மஸ்டாங் பிறக்கவே ஐம்பது வருடம் எடுத்தது. 2018 ஓகஸ்டில் ஒரு கோடியாவது மஸ்டாங் வெளியே வந்தது.

இந்தக் கதையில் எனக்குப் பிடித்த அத்தியாயம் ஷோரூமுக்கு வெளியே நடப்பது. அமெரிக்காவில் புதுக் கார் ஷோரூமை விட்டு இறங்கின நாளிலிருந்தே விலை சரியும். முதல் சொந்தக்காரர் சம்பளக்காரர், இரண்டாமவர் கொஞ்சம் கணக்குப் பார்ப்பவர், மூன்றாவது நாலாவது ஆள் இருபது வயசுப் பிள்ளை. ஃபொக்ஸ் மஸ்டாங் அப்படித்தான் ஒரு தலைமுறையின் கைக்கு வந்தது. பாரம் குறைவு, செய்முறை எளிது, பாகம் எந்தக் கடையிலும் கிடைக்கும், வீட்டு முற்றத்தில் ஜாக்கி போட்டுத் தானே கழற்றிப் பூட்டலாம். இன்றைக்கு அதுவும் சேகரிப்பாளர் கையில் விலையேறிப் போய்விட்டது. ஆனாலும் அதற்கு முதல் எத்தனையோ வருடம் அது மலிவாக இருந்தது. பழைய காரின் கவர்ச்சி என்பது இதுதான்: வசதியானவன் பட்ட நட்டம் வசதியில்லாதவனின் இலாபமாக மாறுவது.

இப்ப எங்கட பக்கம் வருவோம். நீர்கொழும்பிலிருந்து சிலாபம் வரும் ரோட்டில் பஸ் ஜன்னலால் பாருங்கள். கார் சேல் ஒன்றைத் தாண்டினால் இன்னொன்று. இடையில் வென்னப்புவ, ‘குட்டி இத்தாலி’ என்று பெயர் வாங்கிய ஊர். இத்தாலியில் வயோதிபரைப் பராமரித்தும் வீடு துடைத்தும் அனுப்பின காசு இங்கே வீடாகவும் காராகவும் நிற்கிறது. அந்தக் கார் சேல்களில் ‘புதுசு’ என்று சொல்லும் பலதும் ஜப்பானில் யாரோ ஒருவர் ஓட்டிக் கொடுத்தது. மூன்று வருடத்துக்குள் பரிசோதனைச் செலவு வருமே என்று அங்கே கைமாறின கார், கப்பலேறிக் கொழும்பில் இறங்கினதும் ‘அன்ரெஜிஸ்டர்ட்’ என்ற பட்டத்தோடு பலமடங்கு விலைக்கு மணப்பெண் மாதிரி நிற்கும். அங்கே விலை இறங்கினதன் பலனை எடுத்தது யார்? முதலில் எங்கட அரசாங்கத்தின் வரி, மிச்சத்தை இறக்குமதிக்காரர்.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிப்பாட்டினார்கள். தனியார் கார்களுக்கு வாசல் திரும்பத் திறந்தது 2025 பெப்ரவரியில். இந்த ஐந்து வருடத்தில் என்ன நடந்தது என்று எல்லாருக்கும் தெரியும். வாங்கின விலையைவிடக் கூடின விலைக்கு ஓடித் தேய்ந்த ஓல்டோ. எங்கட வயசையே தாண்டின மாருதி 800க்கு இலட்சம் இலட்சமாக விலை. இக்மனிலும் ரியசெவனவிலும் விளம்பரம் போட்டவர்கள் தேயிலைத் தோட்டத்தை விற்கிற தோரணையில் விலை சொன்னார்கள். கார் ஓடுகிற சாமானாக இருந்ததை விட்டுவிட்டு, பெட்டிக்குள் வைக்கிற நகையாகிவிட்டது.

“நல்லதுதானே, முதல் போகாதே” என்று பெரியவர்கள் சொல்வார்கள். யாருடைய முதல்? விலை ஏறினால் ஏற்கெனவே வைத்திருப்பவன் ஒன்றும் செய்யாமலே பணக்காரனாகிறான். முதல்முதலாக வாங்கப் போகிற ஆளோ அந்த ஏற்றத்தைத் தன் இளமையால் கட்டுகிறான். ஐந்து வருட லீசிங், மாதா மாதம் தவணை, இரண்டு தவணை பிந்தினால் வாசலில் சீஸ் பண்ண வந்து நிற்பவர்கள். ஓட்டோ ஓட்டுகிற அண்ணாமாரைக் கேளுங்கள், சொல்வார்கள். பழைய கார்ச் சந்தை அமெரிக்காவில் மேலிருந்து கீழே இறங்குகிற படி என்றால், இங்கே அது கீழிருப்பவர்களிடமிருந்து மேலே காசை இழுக்கிற பம்ப்.

2022 ஜூலையில் எரிபொருள் கியூஆர் வந்தபோது இந்த மனநிலைக்கு அரசாங்க முத்திரையே விழுந்தது. கிழமைக்கு காருக்கு 20 லீற்றர், ஓட்டோவுக்கு 5, மோட்டார் சைக்கிளுக்கு 4. ஓட்டோவில்தான் ஒரு குடும்பத்தின் சோறு ஓடுகிறது. முற்றத்தில் நிற்கிற காரில் ஓடியது என்ன? எஞ்சினுக்கு வேணும் என்று இதை நியாயப்படுத்தலாம். ஆனால் எஞ்சினைக் கேட்டவர்கள் வயிற்றையும் கேட்டிருக்கலாம்.

“அப்ப வரியைக் குறைக்கச் சொல்லு, மஸ்டாங் தானாக வரும்” என்று முதல் கட்சி கூச்சல் போடும். மச்சான், கொஞ்சம் பொறு. 2022 ஏப்ரல் 12 அன்று இந்த நாடு வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அறிவித்தது. மருந்துக்கும் காஸுக்கும் டொலர் இல்லாமல் சனம் செத்துப் பிழைத்தது. நாங்கள் ஒரு காரைக்கூட ஏற்றுமதி செய்து டொலர் உழைக்கிற நாடு இல்லை. ஐயாயிரம் சிசி வி8 ஒன்றை இறக்க நாட்டின் டொலரைக் கேட்கிற உரிமை எனக்கோ உனக்கோ இல்லை. இதை மஸ்டாங்கின் சரித்திரமே சொல்கிறது. எண்ணெய் தட்டுப்பட்டபோது அந்தக் குதிரையே தன்னைச் சுருக்கிக்கொண்டது.

“அதுதான் சொன்னோம், கார் ஆடம்பரம்” என்று இரண்டாவது கட்சி உடனே எழும்பும். இதைச் சொல்கிறவர்களின் வீட்டு முற்றத்தை முதலில் பார்க்க வேண்டும். முன்னேஸ்வரத்திலிருந்து கொழும்புக்கு ஒரு 80 கிலோமீற்றர். பின்னேர லெக்சர் முடிந்து வருகிற பிள்ளைக்கு அந்த 80 கிலோமீற்றர் எவ்வளவு நீளம் என்று தெரியுமா? நெரிசல் பஸ்ஸில் பின்னால் ஒட்டி நிற்கிற உடம்பிலிருந்து தப்ப பேக்கை எந்தப் பக்கம் பிடிக்கிறது என்பது எங்களுக்கு மனப்பாடம். இருட்டின பிறகு பஸ் இல்லை, புத்தளம் பாதை ரயில் எண்ணிக்கையில் சொற்பம், ராத்திரியில் அம்மாவுக்கு நெஞ்சு வலித்தால் தெரிந்த ஓட்டோக்காரரின் நம்பர்தான் அம்புலன்ஸ். இந்த நிலைமையில் ஒரு பெண் “எனக்கு ஒரு பழைய கார் வேணும்” என்று சொன்னால் அது ஆடம்பரம் இல்ல, பாதுகாப்பு.

ஆகவே சண்டை மஸ்டாங்குக்கும் எளிமைக்கும் இடையில் இல்லை. காரையும் எட்டாத உயரத்தில் வைத்து, பஸ்ஸையும் கைவிடுகிற அரசோடுதான் சண்டை. ஒன்றைப் பூட்டினால் மற்றதைத் திறக்க வேண்டும். இரண்டையும் பூட்டிவிட்டுச் சாவியை லீசிங்காரனிடம் கொடுப்பதற்குப் பெயர் கொள்கை இல்லை.

சரித்திரத்திலும் ஒரு தேதி இருக்கிறது. 1958 ஜனவரி 1. தனியார் பஸ் கம்பனிகளை அரசு எடுத்து இலங்கைப் போக்குவரத்துச் சபையை உருவாக்கிய நாள். எல்லாருக்கும் பஸ் என்பது நல்ல வாக்குறுதி. ஆனால் அதே காலத்தில்தான் வாகன நம்பர் தகட்டில் ஆங்கில எழுத்தை எடுத்துவிட்டுச் சிங்கள ‘ஸ்ரீ’ எழுத்தைப் போட்டார்கள். வடக்கு கிழக்குக்கு வந்த அரச பஸ்களும் அந்த எழுத்தோடு வந்தன. தமிழர்கள் தார் பூசினார்கள், அந்த வருடமே கலவரம் வெடித்தது. இன்றைக்குப் பழைய கார் விளம்பரங்களில் ‘ஸ்ரீ நம்பர்’ என்பது ஒரு அழகுப் பட்டம், வின்டேஜ். எழுத்தின் இரத்தக் கறையைக் கழுவிவிட்டு விலையை மட்டும் வைத்துக்கொண்டோம். யாழ்ப்பாணத்தில் ஒஸ்டின், மொரிஸ் மைனர் கார்கள் இன்னும் ஓடுவதைப் பார்த்து “என்ன ஒரு கலாசாரம்!” என்று படம் பிடிப்பவர்களும் அப்படித்தான். யுத்த காலத்தில் பெற்றோல் தடை. துளி பெற்றோலில் ஸ்டார்ட் பண்ணி, மண்ணெண்ணெயில் அந்தக் கார்களை ஓட்டினார்கள். அந்த மெக்கானிக்குகளின் கைத்திறனுக்குக் கும்பிடு போடலாம். ஆனால் அவர்களை அங்கே கொண்டுவந்து நிறுத்தினது பொருளாதாரத் தடை. தட்டுப்பாட்டை அழகு என்று ரசிக்கப் பழகினால், அடுத்த தட்டுப்பாட்டையும் கேள்வி கேட்காமல் விழுங்குவோம்.

அப்ப என்ன கேட்பது? முதலாவது, இறக்குமதிக் கதவை நினைத்த நேரம் பூட்டித் திறக்கிற விளையாட்டு வேண்டாம். எத்தனை கார், எவ்வளவு வரி என்று சில வருடங்களுக்கு முன்கூட்டியே சொல்லட்டும். எதிர்பாராத பூட்டுத்தான் பதுக்குபவனின் லொத்தர். இரண்டாவது, பதவியில் இருப்பவனுக்கு வரிச் சலுகை பெர்மிட் என்ற வழக்கம் இனி எந்த ஆட்சியிலும் தலைதூக்கக் கூடாது. பெர்மிட்டையே விற்றுக் காசாக்கினது ஊரறிந்த கதை. மூன்றாவது, கார் வரியாக வருகிற காசில் ஒரு பங்கு எந்த டிப்போவுக்கு எத்தனை பஸ்ஸாகப் போனது என்று கணக்குக் காட்ட வேண்டும். இரவு ஒன்பது மணிக்கு சிலாபத்துக்கு ஒரு ஒழுங்கான பஸ் இருந்தால், எங்களில் பாதிப் பேருக்குக் கார் அவசரமே இல்லை.

நாலாவது எங்களுக்கு. முன்னேஸ்வரம் கோயில் வாசலுக்குப் பூசைக்கு வருகிற வாகனங்களைப் பார்த்தே வளர்ந்தவள் நான். தமிழர், சிங்களவர், இந்து, பௌத்தர், கத்தோலிக்கர் என்று எல்லாரும் வருவார்கள். சந்தனம் பூசி, மாலை போட்டு, சக்கரத்தின் கீழே எலுமிச்சம்பழம் வைத்து நசுக்குவார்கள். விபத்தில்லாமல் ஓட வேண்டும் என்று கும்பிடுவதில் எனக்கு ஒரு பிரச்சினையும் இல்லை. ஆனால் அதே காரைச் சீதனப் பட்டியலில் எழுதுகிறார்கள், மாப்பிள்ளையின் தகுதியாக எண்ணுகிறார்கள், “வச்சிரு, விலை ஏறும்” என்று தார்ப்பாய் போட்டு மூடுகிறார்கள். இதையெல்லாம் அரசாங்கம் செய்யவில்லை, நாங்கள்தான் செய்கிறோம். பழைய கார் வாங்குகிற ஆளாக இருந்தால் ஓட்டுவதற்கு வாங்குங்கள். தெரிந்த கராஜில் தூக்கிப் பார்த்து, துருவைத் தட்டிப் பார்த்து, பாகம் கிடைக்குமா என்று விசாரித்து, தங்கச்சிக்கும் ஓட்டப் பழக்கி, பிறகு நியாய விலைக்கு அடுத்த பிள்ளையிடம் கொடுங்கள்.

மஸ்டாங் வோல்பேப்பரை ஒருத்தரும் மாற்றத் தேவையில்லை. வடிவான கார்தான். ஆனால் அதைப் பார்க்கிற நேரமெல்லாம் ஒரு கேள்வியையும் சேர்த்துக் கேளுங்கள். அமெரிக்காவில் இருபது வயசுப் பிள்ளையின் பொக்கெட்டை அளந்து ஒரு கார் செய்தார்கள். எங்கட நாட்டில், கார் வேண்டாம், ஒரு பஸ் நேர அட்டவணையையாவது எங்களை நினைத்து யாராவது போட்டிருக்கிறார்களா?