மறைப்பது காப்பது ஆகாது

மகாபாரதத்தின் பதினெட்டுப் பர்வங்களுள் மௌசல பர்வம் மிகச் சிறியவற்றில் ஒன்று. குருக்ஷேத்திரப் போர் நடந்து 36 ஆண்டுகளுக்குப் பின் யாதவ குலம் தன்னைத் தானே அழித்துக் கொண்ட வரலாற்றை அது கூறுகிறது. சாம்பனுக்குக் கர்ப்பிணி வேடமிட்டு முனிவர்களைக் கேலி செய்த இளைஞர்களையும், அவர்கள் பெற்ற சாபத்தையும், இரும்பு உலக்கையையும் பக்தர்கள் அறிவார்கள். அதற்கு அடுத்து நடந்ததைப் பலர் கவனிப்பதில்லை. துவாரகையில் எவரும் மது வடிக்கலாகாது, மீறினால் சுற்றத்தாரோடு கழுவேற்றம் என்று முரசறையப்பட்டது. அத்தனை கடுமையான தடை இருந்தும், பிரபாச தீர்த்தத்துக்குச் சென்ற இடத்தில் யாதவர்கள் குடித்தார்கள். போதையில் பழைய பகையைக் கிளறினார்கள். சாத்யகி கிருதவர்மாவின் தலையை வெட்டினான். அதைத் தொடர்ந்த கைகலப்பில் சாத்யகியும், கண்ணனின் மைந்தன் பிரத்யும்னனும் பகவானின் கண்ணெதிரிலேயே மாண்டார்கள்.

பகவான் வாழ்ந்த குடும்பத்துக்குள்ளேயே போதை புகுந்தது என்றால், "நம் வீட்டில் அப்படி நடக்காது" என்று சொல்லும் துணிவு யாருக்கு வரும்? நடந்துவிட்டால் அதற்காகத் தலைகுனிந்து ஒளிந்து கொள்ள வேண்டிய அவசியமும் இல்லை. இந்த இரண்டாவது செய்திதான் இன்றைய பெரியவர்களுக்கு மிகவும் தேவைப்படுகிறது. ஏனெனில், பேரப்பிள்ளைகளைக் குற்றத்தின் வாசல் வரை கொண்டுபோய் விடுவது பல நேரங்களில் போதைப் பொருள் மட்டுமன்று. குடும்ப மானத்தைக் காப்பதாக எண்ணி வீட்டார் கடைப்பிடிக்கும் மௌனமும்தான்.

இன்று மதுவோடு வேறு பலவும் வந்து சேர்ந்துவிட்டன. ஆந்திர, ஒடிசா எல்லை மலைப்பகுதிகளில் விளையும் கஞ்சா ரயிலிலும் பேருந்திலும் தமிழகம் வருகிறது. பஞ்சர் ஒட்டும் பசை, பெயின்ட்டில் கலக்கும் தின்னர் போன்றவற்றை முகர்ந்து போதை கொள்ளும் வழக்கம் சிறுவர்களிடம் இருக்கிறது. மத்திய சமூக நீதி அமைச்சகத்துக்காக எய்ம்ஸ் மருத்துவமனை நடத்தி 2019ஆம் ஆண்டில் வெளியிட்ட தேசிய ஆய்வின்படி, இவ்வாறு முகர்வோர் பெரியவர்களில் 0.58 சதவீதம், 10 முதல் 17 வயது வரையுள்ள பிள்ளைகளில் 1.17 சதவீதம். பெரியவர்களைக் காட்டிலும் பிள்ளைகளிடம் கூடுதலாகக் காணப்பட்ட ஒரே போதை இதுதான். இவை போக, மருத்துவர் சீட்டின்றி விற்கக்கூடாத வலி நிவாரண மாத்திரைகளும் தூக்க மாத்திரைகளும் போதைக்காகக் கைமாறுகின்றன. அத்தகைய மாத்திரைகள் பல வீடுகளில் தாத்தா, பாட்டியின் மருந்துப் பெட்டியிலேயே இருக்கின்றன என்பதை மறக்கலாகாது.

பதின்ம வயதில் இன்பத்தை நாடும் மூளைப் பகுதி விரைந்து வளர்ந்துவிடுகிறது. விளைவை எண்ணிப் பார்த்து மனத்தை அடக்கும் முன்மூளைப் பகுதி முதிர்வதற்கோ ஏறத்தாழ 25 வயது ஆகிறது. எனவே அந்த வயதில் தொடங்கும் பழக்கம் எளிதில் வேரூன்றுகிறது. சில மாதங்களில் பிள்ளை இன்பத்துக்காக அதை நாடுவதும் நின்று போகும். எடுத்துக் கொள்ளாவிட்டால் உறக்கமில்லை, உடல் நடுக்கம், காரணமில்லாத சினம். அந்த வேதனையிலிருந்து தப்பவே மீண்டும் மீண்டும் தேடுகிறான். இது நோய். வளர்ப்பின் குறை என்று தாயைப் பழிப்பதாலோ, அடித்து உதைப்பதாலோ இது தீராது.

குற்றத்துக்கும் போதைக்கும் உள்ள பாலம் பணம். முதலில் பாட்டியின் சுருக்குப் பையிலிருந்து சில நூறு ரூபாய் குறையும். பிறகு தாத்தாவின் கைப்பேசியிலிருந்து ஒரே எண்ணுக்குச் சிறு சிறு தொகைகள் போகும். பூஜை அறையில் வெள்ளிக் கிண்ணம் காணாமற் போகும். வேலைக்காரப் பெண்மீது சந்தேகம் விழும். வீட்டில் எடுக்க ஒன்றும் இல்லாத நிலை வரும்போது, விற்பவனே கடன் கொடுப்பான். கடனைக் கேட்கும் நாளில் பணம் கேட்க மாட்டான். "இந்தப் பையை மட்டும் அந்த ஊரில் சேர்த்துவிடு" என்பான். அல்லது, "உன் வங்கிக் கணக்கைச் சில நாட்கள் கொடு, பணம் வரும், எடுத்துக் கொடுத்தால் போதும்" என்பான். அந்தக் கணக்கில் எவருடைய பணம் வந்து போனாலும், முதலில் விசாரணைக்கு ஆளாகிறவன் கணக்கின் சொந்தக்காரனே. கல்லூரிப் பிள்ளையின் பாஸ்புத்தகத்தில் பெரிய தொகை வரவாகி அன்றைக்கே வெளியேறியிருந்தால், வீட்டார் அன்றே கேட்டாக வேண்டும்.

பையைச் சுமக்கும் பிள்ளை எந்தக் கோட்டைத் தாண்டுகிறான் என்பது அவனுக்கே தெரியாது. 1985ஆம் ஆண்டின் போதைப் பொருள் தடுப்புச் சட்டம் அளவைப் பொறுத்துத் தண்டிக்கிறது. கஞ்சாவில் ஒரு கிலோ வரை சிறு அளவு. அதற்கு ஓராண்டு வரை சிறை. 20 கிலோவைத் தாண்டினால் வணிக அளவு. குறைந்தது 10 ஆண்டுகள், 20 ஆண்டுகள் வரை கடுங்காவல். 18 வயது நிறையாதவர்களை இளைஞர் நீதிக் குழுமமே விசாரிக்கும். ஆயினும் 16 வயது கடந்தவர்மீது இத்தகைய கொடுங்குற்றம் சாட்டப்பட்டால், குழுமத்தின் மதிப்பீட்டுக்குப் பின் பெரியவர்களைப் போலவே வழக்கை எதிர்கொள்ள நேரலாம்.

அதே சட்டம் ஒரு வாசலையும் திறந்து வைத்திருப்பது பலருக்குத் தெரியவில்லை. போதைக்கு அடிமையான ஒருவர் தாமாக முன்வந்து, அரசு மருத்துவமனையிலோ அரசின் அங்கீகாரம் பெற்ற மையத்திலோ சிகிச்சை பெற்றால், உட்கொண்டதற்காகவும் சிறு அளவு வைத்திருந்ததற்காகவும் வழக்குத் தொடர்வதிலிருந்து 64ஏ பிரிவு விலக்கு அளிக்கிறது. சிகிச்சையை முழுமையாக முடிக்க வேண்டும் என்பது நிபந்தனை. மேலும், சிறாருக்குப் போதைப் பொருள் கொடுப்பவருக்கும், அதைச் சுமக்கவோ விற்கவோ சிறாரைப் பயன்படுத்துபவருக்கும் 7 ஆண்டுகள் வரை கடுங்காவலும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு என்கிறது 2015ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டம். ஆகவே உரிய காலத்தில் வாய் திறக்கும் குடும்பத்துக்குச் சட்டம் துணை நிற்கிறது. தாமதமாகும் ஒவ்வொரு மாதமும் அந்த வாசல் சிறுத்துக் கொண்டே போகிறது.

மகன் அறிந்தால் பேரனை அடிப்பான் என்று அஞ்சி, கேட்ட பணத்தை ஓய்வூதியத்திலிருந்து ரகசியமாகக் கொடுத்தனுப்பும் பாட்டிகள் பலர். அது பாசம்தான். திருதராஷ்டிரனுடையதும் பாசமே. துரியோதனனின் குற்றங்களை அவன் அறியாமல் இல்லை. அறிந்தும் தடுக்காததால் நூறு பிள்ளைகளையும் இழந்தான். பணத்தை நிறுத்தினால் பேரன் கோபிப்பான், பேச மாட்டான். அந்தக் கோபத்தைத் தாங்கிக் கொள்வதே அப்போது செய்யத்தக்க உதவி.

கற்பூரத்தின்மீது சத்தியம் வாங்குவதும், மாலை போட்டு விரதம் இருக்கச் செய்வதும் நம் குடும்பங்களில் வழக்கம். மண்டலம் முழுவதும் கட்டுப்பாட்டோடு இருந்த பிள்ளை மாலை கழற்றிய மறுநாளே பழைய இடத்துக்குத் திரும்பினால், தெய்வக் குற்றம் செய்துவிட்டான் என்று வீடே வெறுக்கிறது. விரதம் மன உறுதி தரும். உடலில் ஏறிய நோய்க்கு மருந்தும் ஆலோசனையும் வேண்டும். இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை உண்டுவிட்டுத்தானே பிரதோஷ விரதம் இருக்கிறோம்? மீண்டும் ஒருமுறை தவறுவது இந்நோயின் இயல்பு. தவறினால் மறுபடியும் மருத்துவரிடம் அழைத்துச் செல்ல வேண்டுமே தவிர, கைவிடலாகாது.

மறைக்காதவர்களால் என்ன நேரும் என்பதற்குச் சென்னையிலேயே சான்று உண்டு. புகழ்பெற்ற தொழிலதிபர் குடும்பத்து மருமகளான சாந்தி ரங்கநாதன், இளம் வயதிலேயே கணவரை மதுவுக்குப் பறிகொடுத்தார். குடும்பப் பெருமைக்கு அஞ்சி அவர் அதை மூடி வைக்கவில்லை. 1980ஆம் ஆண்டில் கணவர் பெயரிலேயே சிகிச்சை நிலையம் தொடங்கினார். நோயாளிக்கு மட்டுமன்றி அவருடைய குடும்பத்தாருக்கும் ஆலோசனை தருவது அங்கு சிகிச்சையின் ஒரு பகுதி. 1992ஆம் ஆண்டில் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது.

பெரியவர்கள் செய்யக்கூடியவை எளியவையே. தம் மருந்துப் பெட்டியைப் பூட்டி, மாத்திரைகளை எண்ணி வைக்கலாம். மாதம் ஒருமுறை கணக்கு விவரத்தை மகனோடு சேர்ந்து பார்க்கலாம். ஐயம் தோன்றினால், பேரன் தெளிவாக இருக்கும் வேளையில், தனியே, குரல் உயர்த்தாமல் கேட்கலாம். பின்னர் அவன் பெற்றோரிடம் சொல்லியே ஆக வேண்டும். மறுநாள் மருத்துவமனைக்கு அவனோடு தாமும் செல்ல வேண்டும். அரசு மாவட்ட மருத்துவமனைகளின் மனநலப் பிரிவை அணுகலாம். போதை மீட்பு ஆலோசனைக்கு 14446, மனநல ஆலோசனைக்கு 14416 ஆகியவை கட்டணமில்லாத தொலைபேசி எண்கள். இவ்விரண்டையும் பஞ்சாங்கத்தின் முதல் பக்கத்தில் இன்றே குறித்து வைத்துக் கொள்வது நல்லது.