பனிக்காலத்து விருந்தாளி

ஒரு டிசெம்பர் விடுமுறையின்போது, கனடாவின் மேற்குக் கரையிலுள்ள வன்கூவர் நகரில், என் தமக்கையார் இல்லத்திற் சில நாட்கள் தங்கியிருந்தேன். முதல் நாள் விடியுமுன்னரே சமையலறையில் விளக்கெரிவதைக் கண்டு எழுந்து சென்றேன். அத்தான் தடித்த கம்பளி அங்கி அணிந்து, செந்நிற அடித்தட்டுடைய சிறு போத்தலொன்றைக் கையிலேந்தியவாறு பின்கதவைத் திறந்துகொண்டிருந்தார். வெளியே பூச்சியத்துக்குக் கீழ் 6 பாகைக் குளிர்.

"இந்நேரத்தில் எங்கே, அத்தான்?" என்றேன்.

"விருந்தாளி வரும் நேரமாகிவிட்டது, தம்பி. யன்னலருகே நின்று பாரும்" என்றார்.

கிழக்கு வெளுக்கத் தொடங்கியதும் வந்தது அவ்விருந்தாளி. என் பெருவிரலளவு உடல். ஊசி போன்ற அலகு. காற்றிலே அசையாது நின்றபடி போத்தலிலிருந்த சீனிநீரை அருந்தியது. தலையைத் திருப்பியபோது, அதன் கழுத்து செந்தழல் போல ஒரு கணம் ஒளிர்ந்து மறைந்தது.

இதுவே ரீங்காரச் சிட்டு. விநாடிக்கு 40 தடவைக்கு மேல் அடிக்கும் சிறகுகளின் ஓசையால் இப்பெயர் பெற்றது. நம் நாட்டுத் தேன்சிட்டு இதனைப் போலத் தோன்றினும் வேறு இனத்தது. பெரும்பாலும் கிளையில் அமர்ந்தே தேனருந்துவது. ரீங்காரச் சிட்டுகளோ அமெரிக்கக் கண்டங்களிலன்றி வேறெங்கும் இயற்கையாக வாழ்வதில்லை.

அவற்றுட் பல, குளிருக்கு அஞ்சித் தெற்கே சென்றுவிடும். நான் கண்டது 'அன்னாவின் ரீங்காரச் சிட்டு' என்னும் வகை. அது போகாமல் நின்றுவிடுகின்றது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே கலிபோர்னியாப் பகுதியில் மாத்திரம் கூடுகட்டி வாழ்ந்த இச்சிட்டு, மனிதர் நட்ட பூமரங்களையும் தொங்கவிட்ட சீனிநீரையும் துணையாகக் கொண்டு படிப்படியாக வடக்கே பரவியது. 2017-ஆம் ஆண்டில் வன்கூவர் மக்கள் வாக்களித்து இதனையே தம் நகரத்துப் பறவையாகத் தெரிந்தெடுத்தனர்.

இதன் எடை ஏறத்தாழ 4 கிராம். அஃதாவது ஒரு தேக்கரண்டிச் சீனியின் எடை. இத்துணைச் சிறிய உடல் நீண்ட பனியிரவைக் கழிப்பது எவ்வாறு? கடுங்குளிர் இரவுகளிலே அது உறக்கத்தினும் ஆழ்ந்த ஒரு மந்த நிலையை அடைகின்றது. பறக்கையில் நிமிடத்துக்கு 1,000 தடவைக்கு மேல் துடிக்கும் இதயம் 50 தடவையளவுக்குத் தாழ்கின்றது; உடலின் வெப்பமும் பெரிதும் குறைகின்றது. விடியலில் மீண்டும் உடலைச் சூடாக்கி எழுவதற்கும் சக்தி செலவாகும். எனவே, முதல் உணவு உடனே கிடைத்தல் வேண்டும்.

சாதாரண நாட்களிற் பூக்களும் சிறு பூச்சிகளும் உண்டு. சீனிநீர் துணையுணவு மாத்திரமே. உறைபனி நாட்களிலோ அவை அரிதாகிவிடும். அப்போது போத்தல் நீரும் உறைந்துவிட்டால் அச்சிட்டின் நிலை யாது?

"சென்ற ஆண்டு ஒரு நாள் அயர்ந்து உறங்கிவிட்டேன்" என்றார் அத்தான். "எழுந்து பார்த்தபோது, உறைந்துபோன போத்தலிலே அலகை வைத்து வைத்து எடுத்துக்கொண்டிருந்தது. நான் வேறு போத்தல் கொண்டுவருவதற்குள் போய்விட்டது. மறுநாள் அது வரும்வரை எனக்கு நிம்மதியில்லை."

அன்றுதொட்டு அவர் இரண்டு போத்தல் வைத்திருக்கிறார். இரவில் உள்ளே எடுத்துவைத்து, விடியுமுன் வெளியே மாட்டுவார். ஒன்று உறைந்தால் மற்றதை மாற்றுவார். ஒரு பங்கு வெள்ளைச் சீனிக்கு நான்கு பங்கு நீர். தேனும் இல்லை, சாயமும் இல்லை. அழுக்கடைந்த போத்தலாற் பறவைக்கு நோய் வருமென்று சில நாட்களுக்கொருமுறை வெந்நீரிற் கழுவுவதும் அவர் வேலையே.

"பொழுதுபோக்காகத்தான் மாட்டினேன், தம்பி. இப்போது அது என்னை நம்பி வருகிறது. மார்கழியில் எப்படி நிறுத்துவது?" என்றார்.

ஊர் திரும்பிய பின்னரும் அச்சொல் என் நினைவை விட்டகலவில்லை. எங்கள் கல்லூரியில் ஆண்டுதோறும் மாணவர் ஆரவாரத்தோடு மரக்கன்று நடுகின்றனர். மழை ஓய்ந்து வெயில் ஏறிய மாதங்களில் வாளியோடு செல்பவர் ஓரிருவரே. இவ்வாண்டு கன்று நடும் நாளில், அத்தானின் இரண்டாவது போத்தலைப் பற்றியே மாணவருக்குக் கூற எண்ணியிருக்கிறேன்.